மையின் பாதை – 9: கரியும் நீரும்

சாத்தூருக்கும் மைக்கும் பழைய உறவு உண்டு. இங்க் பேனா பள்ளிக்கூடங்களை ஆண்ட காலத்தில், இவ்வூரின் சிறு பட்டறைகளில் தகடு வெட்டி, வளைத்து, நடுவே கீறி, முனை தேய்த்து நிப்பு செய்தார்கள். பால்பாயிண்ட் பேனா பரவியதும் அந்தத் தொழில் தளர்ந்தது. நிப்பின் கதை இத்தொடரில் பின்னால் விரிவாக வரும். அதற்கு முன்பு, நிப்புக்கு நேர் எதிரான ஒரு கருவியைப் பார்த்துவிட வேண்டும்: மூங்கில் தண்டில் ஆட்டு மயிரையோ, கீரியின் உருவத்தை ஒத்த சிறு விலங்கொன்றின் வால் மயிரையோ கட்டிச் செய்த சீனத் தூரிகை. இரும்பு முனை எழுதாத எத்தனையோ விஷயங்களை அது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தீட்டி வந்திருக்கிறது.

சிவகாசி வட்டாரத்து மக்களுக்குச் சீனா தூரத்து நாடு இல்லை. இங்கே லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடும் வெடிமருந்தும் காகிதமும் அச்சும் அங்கே தோன்றியவை. வெடியுப்பு, கந்தகம், கரி என்று கரிமருந்தின் கூட்டுப்பொருளை இங்கே பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். அந்தக் கரியின் இன்னொரு வடிவம் புகைக்கரி. அதைக்கொண்டு சீனர்கள் மலை வரைந்தார்கள், மூடுபனி வரைந்தார்கள், இறாலும் குதிரையும் குரங்கும் வரைந்தார்கள். மூன்று பொருள்கள் இங்கே வந்து வேரூன்றின. அந்தப் பொருள்களோடு கூடவே வளர்ந்த ஓவியம் மட்டும் நம் பக்கம் வரவில்லை என்று நினைக்கத் தோன்றும். அது வந்தது, சுற்றுவழியில், வங்காளம் புகுந்து, வேறு வேடத்தில் வந்தது.

முதலில் அந்த மை எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம்.

சென்ற பகுதியில் ஓலைச்சுவடியின் மையாடலைப் பார்த்தோம். எழுத்தாணி கீறிய பள்ளத்தில் விளக்குக்கரியை எண்ணெயோடு குழைத்துத் தடவித் துடைத்தால் எழுத்து கறுப்பாகத் தெரியும். வீட்டில் கண்மை செய்ததும் ஏறக்குறைய அதே வழியில்தான். விளக்குச் சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்துப் படியும் கரியைச் சுரண்டி எடுத்தார்கள். சீனர்களும் சுடருக்கு மேலே கவிழ்த்த கிண்ணங்களில்தான் எண்ணெய்ப் புகைக்கரியைச் சேர்த்தார்கள். அதற்கும் முந்தைய வழி, பைன் மரக்கட்டைகளை எரித்து நீண்ட புகைக்கூண்டில் படியும் கரியைத் திரட்டுவது. இரண்டுக்கும் நிறம் வேறு. பைன் கரி மங்கலான கறுப்பு, சற்றே நீலச் சாயல். எண்ணெய்க் கரி பளபளப்பான கறுப்பு, சற்றுச் செம்மை தட்டும்.

இங்கிருந்து வழி பிரிகிறது. நாம் கரியை எண்ணெயில் குழைத்தோம். அவர்கள் நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் தோல்பசையில் பிசைந்து, இடித்து, அச்சில் அழுத்திக் கட்டியாக்கி, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்தினார்கள். தேவைப்படும்போது கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு அந்தக் கட்டியை உரைத்தால் மை கரைந்து வரும். எண்ணெயில் குழைத்த கரி தண்ணீரோடு சேராது. பசையில் குழைத்த கரி எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அதற்கேற்ற அளவு வெளிறிக் கொடுக்கும். சீன மையோவியம் முழுவதும் இந்த ஒரே வேதியியல் வேறுபாட்டின் மேல் நிற்கிறது.

தூரிகை, மை, காகிதம், மைக்கல் ஆகிய நான்கையும் படிப்பறையின் நான்கு செல்வங்கள் என்று சீனர்கள் போற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் பேர்பெற்ற ஊர் உண்டு. தூரிகைக்கு ஹூச்சோ, மைக்கட்டிக்கு ஹுய்ச்சோ, கல்லுக்குக் குவாங்தோங் மாகாணத்தின் துவான் பகுதி. காகிதத்துக்கு அன்ஹுய் மாகாணத்தின் ஷுவான். நீலச்சந்தனம் எனப்படும் ஒரு மரத்தின் பட்டையையும் நெல் வைக்கோலையும் சேர்த்துக் கையால் வார்க்கப்படும் ஷுவான் காகிதத் தொழிலை 2009-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அந்தக் காகிதம் முதல் மழையைக் குடிக்கும் கரிசல் மண்ணைப் போல மையைக் குடிக்கும். தூரிகையை வைத்த இடத்தில் தாமதித்தால் மை அங்கேயே பரவி வீங்கும். வேகமாக இழுத்தால் இழை மெலியும். காய்ந்த தூரிகையால் விரைந்து தேய்த்தால் கோட்டுக்குள்ளேயே வெள்ளைக் கீற்றுகள் தெரியும். எதையும் அழிக்க முடியாது. மேலே இன்னொரு கோடு போட்டு மறைக்கவும் முடியாது; இரண்டும் தெரியும். ஓவியர் எந்த இடத்தில் தயங்கினார், எங்கே மூச்சை அடக்கி இழுத்தார் என்பதைப் பார்ப்பவர் பின்னால் படித்துவிடலாம். மையோவியத்தைச் சீனர்கள் எழுத்துக் கலையின் உடன்பிறப்பாக வைத்ததற்கு இதுதான் காரணம். சீன எழுத்துக்கும் ஓவியத்துக்கும் அதே தூரிகை, அதே மை, அதே மணிக்கட்டு.

தொடக்கநிலை மாணவருக்கு ஆசிரியர் முதலில் கொடுப்பது பெரும்பாலும் மூங்கில். அதில் காரணம் இருக்கிறது. தூரிகையை முதலில் தெளிந்த நீரில் நனைத்து, பிறகு வெளிர் மையில் தோய்த்து, நுனியில் மட்டும் அடர்மையைத் தொட்டுக்கொண்டால் ஒரே இழுப்பில் மூன்று கறுப்புகள் கிடைக்கும். மயிரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, கீழிருந்து மேலாக ஒரு கணு அளவுக்குத் தள்ள வேண்டும். தொடங்கும் இடத்தில் ஓர் அழுத்தம், நடுவே சீரான ஓட்டம், முடியும் இடத்தில் மீண்டும் ஓர் அழுத்தம். பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்த கணு. தண்டு முடிந்த பிறகு கணுக்களுக்கிடையே அடர்மையில் சிறு வளைகோடு. இலைக்குத் தூரிகையை நிமிர்த்தி நுனியை வைத்து, அழுத்தி, ஓட்டத்தோடு தூக்கினால் கூரிய இலை விழும். மூங்கில் வரைந்து பழகியவர் அழுத்துதல், தூக்குதல், நிறுத்துதல், நனைத்தல், உலர்த்தல் என்று எல்லா அடிப்படைகளையும் தொட்டுவிடுகிறார். மூங்கிலோடு ஆர்க்கிட், பிளம் பூ, சாமந்தி மூன்றையும் சேர்த்து நான்கு சான்றோர் என்று அழைப்பது மரபு. இந்த நான்கைக் கொண்டுதான் தலைமுறை தலைமுறையாகப் பாடம் தொடங்குகிறது.

வண்ணம் இல்லையே என்று கேட்கலாம். தாங் காலத்தில், 847-இல் முடித்த ஓவிய வரலாற்றில் சாங் யென்யுவான் மைக்குள்ளேயே ஐந்து நிறமும் இருப்பதாக எழுதிவைத்தார். பின்வந்தவர்கள் அந்த ஐந்தைக் கருகியது, அடர்ந்தது, கனத்தது, வெளிறியது, தெளிந்தது என்று வகுத்தார்கள். ஆறாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு: தொடாமல் விட்ட காகிதத்தின் வெள்ளை. மேகம், நீர், பனி மூன்றையும் சீன ஓவியர் பெரும்பாலும் தீட்டுவதில்லை. சுற்றியுள்ளதைத் தீட்டி அவற்றை வெளியே விட்டுவிடுவார்.

இனி, இந்தக் கலை உச்சத்தில் இருந்த இடத்துக்கும் காலத்துக்கும் போவோம். அங்கே தமிழர்களும் நிற்கிறார்கள்.

சோங் பேரரசின் தலைநகரம் இன்றைய கைஃபெங். சோழர் தூதுக்குழுக்கள் அங்கே போய்ச் சேர்ந்த ஆண்டுகளைச் சீன அரசுக் குறிப்புகள் பதிந்திருக்கின்றன: 1015, 1033, 1077. முதல் குழு போய்ச் சேர்ந்த காலத்தில் ஃபான் குவான் என்ற ஓவியர் வாழ்ந்துகொண்டிருந்தார். மலைகளுக்கும் ஓடைகளுக்கும் நடுவே பயணிகள் என்ற அவருடைய பட்டுத் திரை இன்று தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் இரண்டு மீட்டருக்கு மேல். படத்தின் பெரும்பகுதியை ஒரே மலை அடைத்துக்கொண்டு நிற்க, அடியில் வலப்பக்கம் சுமையேற்றிய கோவேறு கழுதைகளோடு விரல் அளவு மனிதர்கள் நடக்கிறார்கள். பாறையின் முகம் முழுவதும் மழைத்துளி அளவுக் குத்துகள்; ஒவ்வொன்றும் தூரிகையின் ஒரு தொடுதல். ஓவியர் தன் பெயரை இலைகளுக்கிடையே ஒளித்து எழுதியிருந்தார். 1958-இல் அருங்காட்சியக அறிஞர் லீ லின்சான் அதைக் கண்டுபிடிக்கும்வரை கையொப்பம் இருப்பதே யாருக்கும் தெரியாது.

மூன்றாவது குழு இன்னும் சுவையானது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் போன அந்தக் குழுவில் 72 பேர். கண்ணாடிப் பொருள்கள், கற்பூரம், யானைத்தந்தம், காண்டாமிருகக் கொம்பு, பன்னீர், பெருங்காயம், கிராம்பு என்று கொண்டுபோய் வைத்தார்கள். பதிலுக்கு 81,800 கோவை செப்புக்காசு பெற்றுத் திரும்பினார்கள். அவர்களை வரவேற்ற பேரரசர் ஷென்சோங். அந்த அரசரின் மனம் கவர்ந்த அரசவை ஓவியர் குவோ ஷி. அரண்மனைக் கூடங்களின் சுவர்களிலும் திரைகளிலும் அவருடைய மலைகளே இருந்தன. இளவேனில் என்று அழைக்கப்படும் அவருடைய புகழ்பெற்ற ஓவியத்தில் 1072 என்று ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறது. குழு போவதற்கு ஐந்தே ஆண்டுகள் முன்பு. பெருங்காயம் சுமந்துபோன தமிழ் வணிகர்களும் மூடுபனிக்குள் உருகும் அந்தப் பாறைகளும் ஒரே அரசவையின் காலத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை நம் வரலாற்றுப் பாடநூல்கள் ஒரு வரியாவது சொல்ல வேண்டும்.

குவோ ஷியின் பாடங்களை அவருடைய மகன் தொகுத்து வைத்தார். மலையை மூன்று தொலைவுகளில் காணலாம் என்பது அவற்றில் ஒன்று. அடியில் நின்று உச்சியை நிமிர்ந்து பார்ப்பது உயர்தொலைவு. முன்னே நின்று பின்னாலுள்ள மலைகளுக்குள் நுழைந்து பார்ப்பது ஆழ்தொலைவு. அருகிலுள்ள மலையிலிருந்து எட்டத்து மலையை நேரே பார்ப்பது சமதொலைவு. ஐரோப்பிய ஓவியம் ஒரே இடத்தில் நிற்கும் ஒரு கண்ணுக்காக வரையப்படுகிறது. சீனத் திரையில் கண் நடந்துகொண்டே இருக்கும். ஒரே படத்தில் நிமிர்ந்தும் நுழைந்தும் எட்டியும் பார்க்கலாம். முதன்முறை இத்தகைய ஓவியத்தைப் பார்ப்பவர் கீழிருந்து தொடங்கி, பாதையைப் பிடித்துக்கொண்டு, பாலம் கடந்து, மேலே ஏறிப் பார்த்தால் படம் தானாகத் திறந்துகொள்ளும்.

இன்னொரு தமிழ்த் தொடர்பு இன்னும் நேரடியானது. ஏழாம் அறிவு திரைப்படம் வந்த 2011-க்குப் பிறகு போதிதர்மரைத் தெரியாத தமிழர் குறைவு. காஞ்சி இளவரசர் என்பது மரபுவழிக் கதை. தென்னிந்தியர் என்று பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. அவர் பெயரால் வளர்ந்த சான் பௌத்தம், ஜப்பானில் ஜென் ஆனது. சான் துறவிகள் மையோவியத்தைத் தங்களுக்கு உரியதாக்கிக்கொண்டார்கள். 13-ஆம் நூற்றாண்டுத் துறவி மூச்சி ஆறு பழங்களை மட்டும் வெறுங்காகிதத்தில் வரிசையாக வைத்தார். நிழல் இல்லை, மேசை இல்லை, பழத்துக்குப் பழம் கறுப்பு மட்டும் மாறுகிறது. அந்தத் துறவிகளுக்கு மிகப் பிடித்த மனிதமுகம் போதிதர்மருடையது. அடர்ந்த புருவம், உருண்ட விழி, தாடி, தலையை மூடிய ஆடை. ஜப்பானிய ஓவியர் செஷ்ஷூ 1467 முதல் 1469 வரை சீனாவில் பயின்று திரும்பியவர். 1496-இல் அவர் வரைந்த பெரிய ஓவியத்தில் போதிதர்மர் குகைச் சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கிறார். தன் உறுதியைக் காட்டக் கையை வெட்டி ஏந்தி நிற்கிறார் சீடர் ஹுய்க்கோ. போதிதர்மரின் ஆடையைச் சுற்றி ஓடும் அந்தத் தடித்த சாம்பல் கோடு, எழுத்து எழுதும் வேகத்தில் விழுந்தது. கிழக்காசியாவின் மையோவிய வரலாற்றில் மிக அதிகமாக வரையப்பட்ட முகங்களில் ஒன்று தென்னிந்தியர் ஒருவருடையது. அதைத் தமிழ்நாட்டின் ஓவியக் கல்வி இன்னும் தனக்கு உரியதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது வருத்தம் தருகிறது.

கலை அரசவையையும் மடத்தையும் தாண்டிப் பரவ அச்சு பெரிதும் துணைசெய்தது. 1679-இல் நான்ஜிங் நகரில் கடுகுவிதைத் தோட்டம் என்ற பெயர் கொண்ட வீட்டிலிருந்து மரக்கட்டை அச்சில் ஓர் ஓவியப் பாடநூலின் முதல் பகுதி வெளிவந்தது. வாங் காய் தொகுத்தார். மரம் எப்படி, பாறை எப்படி, எந்த ஓவியர் எந்தக் கோட்டைக் கையாண்டார் என்று படிப்படியாகக் காட்டும் நூல். 1880-களில் ஹுனான் மாகாணத்து இளம் தச்சர் ஒருவர் வேலைக்குப் போன வீட்டில் அந்நூலைக் கண்டார். இரவல் வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் மெல்லிய தாளை மேலே வைத்து முழுவதையும் படியெடுத்தார். அவர்தான் சீ பைஷி. கிண்ணத்தில் இறால் வளர்த்து, அதன் ஒவ்வொரு அசைவையும் பார்த்துப் பார்த்து, நாலைந்து தூரிகைத் தொடுதலில் ஒளி ஊடுருவும் இறாலை நீந்தவிட்டார். 1957-இல் இறந்தபோது சீனாவின் மிகப் பெரிய ஓவியர்களில் ஒருவர். ஆசிரியர் இல்லாத ஊரில் ஒரு நல்ல அச்சுப் புத்தகம் என்ன செய்யும் என்பதற்கு அவரைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தியாவுக்கு இந்தத் தூரிகை முதலில் ஜப்பான் வழியே வந்தது. அறிஞர் ஒகாகுரா 1902-இல் கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தோடு பழகினார். அடுத்த ஆண்டு அவருடைய மாணவர்கள் யோகோயாமா தைக்கானும் ஹிஷிதா ஷுன்சோவும் வந்தார்கள். தைக்கான் அகலமான தூரிகையால் காகிதத்தை நனைத்து வேலை செய்வதை அவனீந்திரநாத் தாகூர் கூர்ந்து கவனித்தார். பிறகு தானே ஒரு படி மேலே போய், தீட்டிய தாளை அப்படியே தண்ணீரில் முக்கி எடுத்து, உலர்த்தி, மறுபடி தீட்டினார். 1905-இல் வந்த பாரதமாதா ஓவியத்தின் மங்கிய ஒளி அப்படிப் பிறந்தது. ஆனால் இது மையோவியம் ஆகாது. ஒரே இழுப்பில் முடியும் கோடு அதில் இல்லை. படலம் படலமாக ஏறும் வண்ணம் இருக்கிறது. கிழக்காசியாவின் நீர் வந்தது, கரி வரவில்லை.

கரியையும் கொண்டுவந்தவர் அவருடைய மாணவர் நந்தலால் போஸ். 1924-இல் ரவீந்திரநாத் தாகூரோடு சீனா போனார். தூரிகைக் கோட்டின் எலும்பு எது என்று அங்கே நேரில் கண்டார். சாந்திநிகேதன் கலாபவனத்தில் அதைப் பாடமாக்கினார். கடைசிக் காலத்தில் சிறு தாள்களில் வெறும் மையால் மரமும் ஆடும் மழையும் வரைந்துகொண்டே இருந்தார். பிற்காலத்தில் திரைப்படம் எடுத்த சத்யஜித் ராயும் 1940 முதல் 1942 வரை அந்த வகுப்பில் தூரிகை பிடித்தவர்தான். தான் யுன்ஷான் என்ற சீன அறிஞரின் தலைமையில் 1937-இல் அங்கே சீன பவனம் திறந்தது. 1939 இறுதியில் ஷு பெய்ஹோங் வந்து சேர்ந்தார். பாய்ந்தோடும் குதிரைகளுக்கு உலகப் புகழ் பெற்றவர். 1940-இல் அங்கே வந்த காந்தியை அவர் நேரில் கோட்டோவியமாக வரைந்தார். கண்காட்சிகள் நடத்திக் கிடைத்த பணத்தைச் சீனாவின் போர் நிவாரணத்துக்கு அனுப்பினார். மலையை வெட்டி அகற்ற முனையும் முதியவரின் சீனக் கதையை நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள மையோவியமாக்கியதும் இந்தியாவில்தான். மண்வெட்டி ஓங்கும் உடல்களுக்கு இந்தியர்கள் மாதிரியாக நின்றார்கள்.

அங்கிருந்து தெற்கே இரண்டு கிளைகள் வந்தன. ஒன்று, அவனீந்திரநாத்தின் மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமையை ஏற்றார். மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்த அதே கைதான் நீர் தோய்ந்த ஓவியத்தையும் சென்னைக்குக் கொண்டுவந்தது. அவரிடம் பயின்றவர் கே.சி.எஸ். பணிக்கர். பணிக்கர் தலைமை ஏற்றிருந்தபோது அங்கே பயின்றவர் கே.எம். ஆதிமூலம். கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசி ஜூனியர் விகடனில் வந்தபோது சாத்தூர், கோவில்பட்டி மண்ணின் முகங்களைக் கறுப்புக் கோட்டில் பிடித்தது ஆதிமூலத்தின் கை. அதைச் சீன ஓவியம் என்று சொல்வது தவறு. ஆனாலும் கறுப்பு ஒன்றே போதும் என்ற துணிவும், வெள்ளையை வேலைசெய்ய விடும் பொறுமையும் அந்தப் பக்கங்களில் முழுமையாக இருக்கின்றன.

இரண்டாவது கிளை கே.ஜி. சுப்பிரமணியன். கேரளத்தில் 1924-இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். 1944-இல் சாந்திநிகேதன் போய் நந்தலாலிடமும் பினோத் பிஹாரி முகர்ஜியிடமும் பயின்றார். கலாபவனத்தில் ஒரு கட்டடத்தின் வெளிச்சுவர் முழுவதையும் பிற்காலத்தில் அவர் கறுப்பு–வெள்ளையிலேயே தீட்டினார். தூரிகைக் கோடு கட்டடத்தின் மேல் ஏறிப் போவதைப் பார்க்க வேண்டுமானால் அங்கே போகலாம்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். அந்நாட்டின் 50 வெள்ளித் தாளின் பின்புறத்தில் வீணையின் படமும் இருக்கிறது. சென் வென்சியின் கிப்பன் குரங்குகளும் இருக்கின்றன. குவாங்தோங்கிலிருந்து சிங்கப்பூர் வந்து குடியேறிய சென் வென்சி, மூச்சியின் குரங்கு ஓவியத்தின் அச்சுப்படியைப் பார்த்து மயங்கி, கிப்பன்களை வீட்டிலேயே வளர்த்து அவற்றின் கைநீளத்தைக் கற்றுக்கொண்டவர்.

சாத்தூரில் இருந்துகொண்டே கை பழக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். சிவகாசிக் காலண்டருக்குப் போகும் வழவழப்பான ஆர்ட் பேப்பர் இதற்கு உதவாது. அது மையைக் குடிக்காது. பயிற்சிக்கு அச்சகத்தில் மிஞ்சும் வெள்ளை நியூஸ்பிரிண்ட் தாள் போதும். கை தேறிய பிறகு ஷுவான் தாள் வாங்கலாம். அதில் இரண்டு வகை: பக்குவப்படுத்தாத பச்சைத்தாளில் மை பரவும்; படிகாரமும் பசையும் தடவிப் பக்குவப்படுத்திய தாளில் பரவாது, அது நுண்கோட்டு வேலைக்கு ஏற்றது. நீர்விளையாட்டு வேண்டுமானால் பச்சைத்தாள்தான். தாளுக்கு அடியில் பழைய கம்பளித் துணியை விரிக்க வேண்டும். நீர்புகாத வரைமை பலவற்றில் அரக்கு கலந்திருக்கும். அது மயிரில் காய்ந்தால் தூரிகை போயிற்று. மைக்கட்டியோ, சீன, ஜப்பானியப் புட்டி மையோ நல்லது. மூன்று வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள்: ஒன்றில் அடர்மை, ஒன்றில் வெளிர்மை, ஒன்றில் தெளிந்த நீர். வேலை முடிந்ததும் தூரிகையைச் சோப்பில்லாமல் குளிர்ந்த நீரில் அலசி, நுனி கூட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். முதலில் மூங்கில் தண்டு மட்டும். தண்டு நிமிர்ந்து நிற்கத் தொடங்கிய பிறகு இலை.

அடுத்த பகுதியில் புகைக்கரி மறுபடி எண்ணெயோடு சேர்கிறது. மைன்ஸ் நகரில் குட்டன்பெர்க் ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சிய அச்சு மையில் தொடங்கி, சிவகாசியின் லித்தோ கல்வரை அந்தக் கதை போகும்.

(தொடரும்)